மார்க், வருகைப்பதிவு, ரிசல்ட்: கல்லூரியில் புகார் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். கவுன்ட்டரில் நின்று மாணவர்கள் கேட்ட அதே சந்தேகங்களை இப்போது சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் தெருவில் இருக்கிற பிள்ளைகளும் போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். இதில் வரும் விதிகள் இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கீழ் வரும் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளுக்கும் உரியவை.

மேடம், இதெல்லாம் புகார் குடுக்கிற அளவுக்குப் பெரிய விஷயமா?

முக்கால்வாசி நேரம் ஆமாம். யுஜிசி 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை என்று ஒன்றை வெளியிட்டது. 2019-இல் இருந்ததற்குப் பதிலாக வந்தது அது. எவையெல்லாம் 'குறை' என்று அதிலேயே நீளமான பட்டியல் இருக்கிறது: மெரிட்டை மீறிய அட்மிஷன், அறிவித்ததைவிட அதிகக் கட்டணம், இட ஒதுக்கீட்டு மீறல், உதவித்தொகைத் தாமதம், தேர்வையோ ரிசல்ட்டையோ அட்டவணைப்படி நடத்தாமல் இழுத்தடிப்பது, வெளிப்படையாக இல்லாத அல்லது நியாயமற்ற மதிப்பீடு, சான்றிதழைப் பிடித்து வைப்பது, விலகியவருக்குக் கட்டணம் திருப்பித் தராதது, பாகுபாடு, ப்ராஸ்பெக்டஸில் சொன்ன தரத்தில் பாடம் நடத்தாதது.

அந்தப் பட்டியலில் உங்கள் விஷயம் எங்கே உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். 'அந்த சாருக்கு என்னைப் பிடிக்காது' என்பது எங்கேயும் உட்காராது. 'அந்த சார் ரெக்கார்டு நோட்டை வாங்க மறுத்து இன்டர்னலில் பூஜ்யம் போட்டார்' என்பது உட்காரும். இரண்டும் ஒரே சம்பவமாக இருக்கலாம். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம்.

முதல்ல யார்கிட்ட போகணும்? நேரா வி.சி.க்கே எழுதிடலாமா?

எழுதலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். துணைவேந்தர் அலுவலகத்தில் அதன் ஓரத்தில் 'உரிய நடவடிக்கைக்கு' என்று ஒரு வரி எழுதி, பதிவாளருக்கோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கோ அனுப்புவார்கள். அங்கிருந்து பிரிவுக்கு வரும். பிரிவிலிருந்து 'கல்லூரி முதல்வரின் கருத்து தேவை' என்று உங்கள் கல்லூரிக்கே போகும். நீங்கள் ஒரு மாடி ஏறிக் கொடுத்திருக்க வேண்டிய காகிதம் மூன்று வாரம் ஊர் சுற்றிவிட்டு அதே மாடிக்கு வந்து நிற்கும்.

வகுப்பில் நடந்தது என்றால் பாட ஆசிரியர், துறைத்தலைவர், அப்புறம் முதல்வர். பல்கலைக்கழகத் தேர்வு சம்பந்தப்பட்டது என்றால் முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கல்லூரிக்குள்ளேயே இருப்பார், வேலை சுலபம். இங்கெல்லாம் முடியாவிட்டால் மாணவர் குறைதீர் குழு. அதற்கும் மேலே குறைதீர்ப்பாளர். அறிவிப்புப் பலகையில் 'ஆம்பட்ஸ்பர்சன்' என்று போட்டிருப்பார்கள். இவரைப் பற்றிக் கீழே வருகிறது. புகார் துறைத்தலைவர் மேலேயே என்றால் அந்தப் படியைத் தாண்டலாம், தப்பில்லை.

வாயால சொன்னா போதாதா? எழுதிக் குடுத்தா நம்மள குறி வெச்சிடுவாங்களே?

முதல் தடவை வாயால் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மார்க்கைத் தட்டும்போது கை தவறியிருக்கும், ஆசிரியரே சிரித்துக்கொண்டு திருத்திக் கொடுப்பார். அப்படித் தீராதது எழுத்தில்தான் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத புகாருக்கு அலுவலகத்தில் உயிர் கிடையாது. 'அப்படி யாரும் வந்து சொல்லவில்லையே' என்று ஒரு வார்த்தையில் முடிந்துபோகும்.

பயம் நியாயமானதுதான். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை, எழுதிக் கொடுத்து இன்வேர்டு நம்பர் (வந்த கடிதத்துக்கு அலுவலகம் போடும் எண்) வாங்கிய மாணவனிடம் கை வைக்கத் தயங்குவார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு மார்க் குறைந்தால், ஏன் குறைந்தது என்று யாராவது கேட்பார்களே என்ற யோசனை வந்துவிடும். வாயால் சண்டை போட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

தபால் பிரிவில் கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். இன்னொன்றில் முத்திரை, தேதி, இன்வேர்டு நம்பர். 'சீல் இல்லை, நாளைக்கு வா' என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.

லெட்டர் எப்படி எழுதணும்? எனக்கு ஆபீஸ் தமிழ் வராது.

ஆபீஸ் தமிழ் வேண்டாம். என் மேசைக்கு ஒரு மனு வந்தது. நான்கு பக்கம். முதல் பக்கம் முழுக்க அந்தப் பையன் பத்தாவதில் எத்தனை மார்க் வாங்கினான், அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று. இரண்டாவது பக்கத்தில் திருத்தியவருக்குச் சாபம். படிக்கும்போது மனசு கனத்தது, ஆனால் நான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தும் பதிவு எண் இல்லை, எந்தத் தாள் என்று இல்லை, என்ன வேண்டும் என்றும் இல்லை. யாருடைய விடைத்தாளை நான் எடுப்பது?

தேவை இவ்வளவுதான்: பெயர், பதிவு எண், பாடத்தின் பெயரும் குறியீடும், தேர்வு மாதமும் ஆண்டும், என்ன நடந்தது, எந்தத் தேதியில், இதற்கு முன் யாரிடம் சொன்னீர்கள், என்ன கேட்கிறீர்கள். இப்படி: 'நவம்பர் தேர்வில் மேற்கண்ட தாளின் நகலைப் பெற்றேன். அதில் 16-ஆம் பக்கத்தில் 13-ஆம் கேள்விக்கு வழங்கப்பட்ட 9 மதிப்பெண் முகப்புத் தாளின் கட்டத்தில் ஏற்றப்படவில்லை. மொத்தம் 41 என உள்ளது, 50 என இருக்க வேண்டும். கூட்டலைச் சரிபார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன். நகல் இணைத்துள்ளேன்.' முடிந்தது. இதைப் படிக்கிற எழுத்தர் யாரையும் கேட்காமல் எழுந்து போய் விடைத்தாள் கட்டை எடுத்துவிடுவார்.

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. ஹாஸ்டல் சாப்பாட்டையும் இன்டர்னல் மார்க்கையும் ஒரே காகிதத்தில் எழுதினால் அது எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் கிடக்கும்.

குறைதீர் குழுன்னு ஒண்ணு எங்க காலேஜ்ல இருக்கறதாவே தெரியலையே?

இருந்தாக வேண்டும். 2023 விதிப்படி ஒரு பேராசிரியர் தலைவர், நான்கு பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள் உறுப்பினர்கள். அதோடு படிப்பிலோ விளையாட்டிலோ நன்றாக இருக்கும் மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். இந்த ஐந்து ஆசிரியர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவராவது எஸ்சி, எஸ்டி அல்லது ஓபிசி பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இரண்டு வருடப் பதவிக்காலம், மாணவருக்கு ஒரு வருடம். ஆன்லைனில் புகார் பதிய ஒரு தளமும் வேண்டும்.

கல்லூரி இணையதளத்தில் தேடுங்கள். ஆய்வுக் குழு வரும் சமயத்தில் அவசரமாக ஏற்றிய பட்டியல் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும். அதிலும் இல்லையென்றால் 'தலைவர், மாணவர் குறைதீர் குழு, மேற்பார்வை: கல்லூரி முதல்வர்' என்றே முகவரி போட்டுக் கொடுத்துவிடுங்கள். குழு இல்லாத கல்லூரிக்கு அந்தக் கடிதம் பெரிய தலைவலி. ஒரு வாரத்தில் குழு முளைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாள்ல பதில் வரணும்?

ஆன்லைனில் பதிந்தால், 15 நாளுக்குள் நிர்வாகம் தன் கருத்தோடு குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு கூடுமானவரை 15 வேலை நாளுக்குள் பரிந்துரையை அதிகாரிக்கும், ஒரு பிரதியை உங்களுக்கும் தர வேண்டும். பிடிக்கவில்லையென்றால் முடிவு கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அவர் 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும்.

இதில் உங்களைக் கட்டுப்படுத்துவது அந்த மேல்முறையீட்டுக்கான 15 நாள் மட்டும்தான். அவர்கள் தாமதித்தால் அவர்களுக்கு ஒரு நினைவூட்டல் வரும், நீங்கள் தாமதித்தால் கதவே சாத்தப்படலாம். முடிவுக் கடிதம் வந்த கவரைக்கூட எறியாதீர்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும்.

60 எதிர்பார்த்தேன், 28 வந்திருக்கு. ரீவேல்யூவேஷன் போடறதா, புகார் குடுக்கறதா?

முதலில் விடைத்தாளின் போட்டோகாபி. அது கையில் இல்லாமல் எதுவும் பேச முடியாது. பல பல்கலைக்கழகங்களில் நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீட்டுக்கே விண்ணப்பிக்க முடியும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம், தனித்தனிக் கடைசித் தேதி. ரிசல்ட் வந்த அன்றே அறிவிப்பில் தேதியைப் பாருங்கள். சில நாள்தான் கொடுப்பார்கள். அழுது முடிப்பதற்குள் போய்விடும்.

நகல் வந்ததும் விடையைப் படிக்காதீர்கள். முதலில் பக்கங்களை எண்ணுங்கள். கூடுதல் தாள் கட்டியிருந்தால் அதுவும் வந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உள்ளே ஒவ்வொரு விடைக்கும் போட்ட மார்க்கை முகப்புக் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். ஏறாமல் விட்டது, தப்பாகக் கூட்டியது, ஒரு பக்கத்தைத் திருப்பாமலே போனது, 'அல்லது' கேள்வியில் அ-வை எழுதியிருக்க ஆ-வின் கட்டத்தில் பூஜ்யம் போட்டது. திருத்துகிறவர் ஒரே உட்காரலில் கட்டுக்கட்டாகத் திருத்துகிறார். மனுஷர்தான். இந்த மாதிரிப் பிழைக்கு மறுமதிப்பீடு தேவையில்லை, மறுகூட்டல் அல்லது மேலே காட்டிய மாதிரி ஒரு மனு போதும்.

எல்லாம் சரியாக ஏறியிருக்கிறது, ஆனால் பத்துக்கு எட்டு தர வேண்டியதற்கு நான்கு தந்திருக்கிறார் என்றால் அது மதிப்பீட்டாளரின் தீர்ப்பு. அதற்கு மறுமதிப்பீடுதான் வழி, புகார் அல்ல. பாடம் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் நகலைக் காட்டி, ஏறுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நண்பனிடம் கேட்காதீர்கள், அவன் எப்போதும் 'ஏறும்டா' என்றுதான் சொல்வான்.

ரீவேல்யூவேஷன்லயும் 'நோ சேஞ்ச்'. இப்ப ஆம்பட்ஸ்பர்சன்கிட்ட போகலாமா?

மறுபடி திருத்தச் சொல்லி மட்டும் போனால் எடுக்க மாட்டார். விதியிலேயே இருக்கிறது: விளைவைப் பாதிக்கிற குறிப்பிட்ட முறைகேட்டையோ பாகுபாட்டையோ காட்டாத வரை, மறுமதிப்பீடு கேட்கும் மேல்முறையீட்டை அவர் ஏற்கக்கூடாது. கேள்வித்தாளில் பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டிருந்தார்கள், விடைக்குறிப்பே தப்பு, ஒரே மாதிரி எழுதிய இருவருக்கு எதிரெதிராகப் போட்டிருக்கிறார்கள் என்று காகிதத்தோடு காட்ட முடிந்தால் கதவு திறக்கும்.

இவர் யார் என்றும் கேட்பார்கள். ஓய்வுபெற்ற துணைவேந்தர், அல்லது பத்து வருடம் பேராசிரியராக இருந்து துறைத்தலைவராகவோ டீனாகவோ பணியாற்றி ஓய்வுபெற்றவர், அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி. பகுதிநேரப் பொறுப்பு. மூன்று வருடம் அல்லது 70 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. கீழே இருக்கும் படிகளையெல்லாம் ஏறிவிட்டுத்தான் இவரிடம் வர முடியும்.

ரீவேல்யூவேஷன் தேதி முடிஞ்சு போச்சு. ஆர்டிஐ-ல விடைத்தாள் வாங்கலாமா?

வாங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) திருத்திய விடைத்தாளும் தகவல்தான், எழுதியவருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் சிபிஎஸ்இ வழக்கில் சொல்லிவிட்டது. திருத்தியவர் யார் என்று தெரியக்கூடிய பெயர், கையெழுத்தை மட்டும் மறைத்துத் தருவார்கள். 10 ரூபாய் கட்டணம், தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டாலும் மறுத்தாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இரண்டு எச்சரிக்கை. விடைத்தாளைப் பல்கலைக்கழகம் குறிப்பிட்ட காலம் வரைதான் வைத்திருக்கும், அதற்குப் பின் அழித்துவிடும். அழித்ததை ஆர்டிஐ-யால் கொண்டுவர முடியாது. இன்னொன்று, நகல் கிடைப்பதால் முடிந்துபோன மறுமதிப்பீட்டுத் தேதி திரும்பி வராது. கூட்டல் பிழை இருந்தால் மட்டும், அதைக் காட்டித் தனியாக மனு கொடுக்கலாம்.

இன்டர்னல் மார்க்கை வேணும்னே குறைச்சிட்டாங்க. எப்படி நிரூபிக்கறது?

'வேணும்னே' என்பதை நிரூபிக்க முயலாதீர்கள். முடியாது, தேவையும் இல்லை. இன்டர்னலுக்கு ஒரு கணக்கு உண்டு: டெஸ்டுக்கு இத்தனை, அசைன்மென்ட்டுக்கு இத்தனை, வருகைக்கு இத்தனை என்று ரெகுலேஷன் புத்தகத்தில் இருக்கும். திருத்தித் தந்த டெஸ்ட் தாள்களை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 33 வர வேண்டியது 24 என்று ஏறியிருந்தால், அந்த 9 எங்கே போனது என்று கேட்டால் போதும். காரணத்தை அவர்தான் சொல்ல வேண்டும்.

இதில் நேரம்தான் எல்லாமே. பல்கலைக்கழகத்துக்கு மார்க்கை அனுப்பும் முன் மாணவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் வழக்கம். பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ரிசல்ட் வந்தபின் ஓடிவருகிறவர்கள்தான் அதிகம். அனுப்பியபின் திருத்த வேண்டுமென்றால் முதல்வர் காரணம் எழுதி, தேர்வுப் பிரிவு ஒப்புதல் வாங்கி, அது ஒரு பெரிய கதை.

அட்டெண்டன்ஸ் 72 தான் இருக்கு. ஹால் டிக்கெட் தரமாட்டேங்கறாங்க.

75 சதவீதத்துக்குக் கீழே போனால் பல பல்கலைக்கழகங்களில் 'கண்டனேஷன்' உண்டு. மருத்துவச் சான்றும் கட்டணமும் கொடுத்துக் குறிப்பிட்ட சதவீதம் வரை சலுகை வாங்குவது. எவ்வளவு வரை என்பது உங்கள் ரெகுலேஷனில் இருக்கும். டாக்டர் சர்டிஃபிகேட்டைக் காய்ச்சல் அடித்தபோதே கொடுத்திருந்தால் மதிப்பு. தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, போன ஜூலைக் காய்ச்சலுக்குச் சான்று கொண்டுவந்தால் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முன்னால் அந்த 72 சரியா என்று பாருங்கள். என்எஸ்எஸ் முகாம், விளையாட்டுப் போட்டி, கல்லூரியே அனுப்பிய கருத்தரங்கு, இதற்கெல்லாம் 'ஓடி' (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) ஏறியிருக்கிறதா? ஏறாமல் விட்டதே மூன்று சதவீதத்துக்கு மேல் வரலாம். தேதிவாரியாக எழுதி, ஓடி கடித நகலோடு கொடுங்கள்.

எக்ஸாம்ல பிட்டு வெச்சிருந்ததா பிடிச்சிட்டாங்க. நான் வெக்கலை. எழுதிக் குடுன்னு மிரட்டறாங்க.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நடந்ததை எழுதுங்கள். 'தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று எழுதினால் விட்டுவிடுவோம் என்பார்கள். விடமாட்டார்கள். அந்தக் காகிதம்தான் கோப்பில் முதல் பக்கமாக இருக்கும். 'இந்தத் துண்டு என் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது, என்னுடையது அல்ல, என் கையெழுத்தும் அல்ல' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். முடிந்தால் அந்தத் துண்டில் என்ன எழுதியிருந்தது, அன்றைய கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பதையும் எழுதுங்கள்.

தண்டனை தருவதற்கு முன் விசாரணைக் கடிதம் அனுப்பி உங்கள் பக்கத்தைக் கேட்டாக வேண்டும். தேர்வு முறைகேட்டில் மாணவரைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 1962-லேயே ஓர் உத்தரப் பிரதேச வழக்கில் சொன்னது. விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். போகாதவர்களின் கோப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், எதிராக.

ரிசல்ட் 'வித்ஹெல்ட்'னு போட்டிருக்கு. நான் என்ன தப்பு செஞ்சேன்?

பெரும்பாலும் ஒன்றும் இல்லை. கட்டணம் பாக்கி, இன்டர்னல் மார்க் வராதது, பதிவு எண்ணைத் தப்பாக எழுதியது, இதில் ஒன்றாக இருக்கும். கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். மேலே சொன்ன முறைகேடு விசாரணை நிலுவையில் இருந்தாலும் இப்படி வரும், அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படிப்பை விட்டுட்டேன். முழு ஃபீஸும் கட்டினாத்தான் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுன்னு சொல்றாங்க.

அப்படிப் பிடித்து வைக்கக்கூடாது. அசல் சான்றிதழை அட்மிஷனின்போது சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும், சுயகையொப்பமிட்ட நகல் போதும் என்று யுஜிசி 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. படிக்காத படிப்புக்குப் பணம் வாங்குவதற்காகச் சான்றிதழைப் பிடித்து வைப்பது, முதல் பதிலில் சொன்ன பட்டியலில் நேரடியாகவே இருக்கிறது. கட்டணம் எவ்வளவு திரும்ப வரும் என்பது விலகிய தேதியைப் பொறுத்தது. அதனால் 'விலகுகிறேன்' என்ற கடிதத்தை முடிவெடுத்த அன்றே கொடுத்து இன்வேர்டு நம்பர் வாங்குங்கள். போனில் சொன்னேன் என்பது தேதி ஆகாது.

பிஎச்டி பண்றேன். கைடு ஆறு மாசமா சாப்டரைத் திறந்துகூடப் பார்க்கலை. புகார் குடுத்தா பட்டமே போயிடுமே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கே பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும். மற்றவர்கள் ஒரு செமஸ்டருக்குப் பிறகு அந்த ஆசிரியரைப் பார்க்கவே வேண்டாம். ஆய்வு மாணவர் கையெழுத்துக்கு வருடக்கணக்கில் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

புகார் என்ற சொல்லே இல்லாமல் தொடங்குங்கள். 2022 பிஎச்டி விதிப்படி ஒவ்வொருவருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழு உண்டு, செமஸ்டருக்கு ஒரு முறை முன்னேற்றத்தை அதன் முன் வைக்க வேண்டும். அந்த அறிக்கையில் 'மூன்றாம் இயல் இந்தத் தேதியில் நெறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது, கருத்துகள் எதிர்பார்க்கப்படுகின்றன' என்று ஒரு வரி. அடுத்த அறிக்கையிலும் அதே வரி. யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் பதிவாகிவிட்டது. சாப்டரை மின்னஞ்சலில் அனுப்புங்கள், கையில் மட்டும் கொடுக்காதீர்கள். நெறியாளரை மாற்றக் கேட்பது கடைசி வழி. அப்போது இந்த வரிகள்தான் பேசும்.

உங்கள் வேலையை அவர் தன் பெயரில் வெளியிட்டுவிட்டார் என்றால் விஷயம் வேறு. அது கருத்துத் திருட்டு. 2018-இல் வந்த யுஜிசி விதி ஆசிரியர்களுக்கும் பொருந்தும், அதற்கென்று துறையிலும் நிறுவனத்திலும் தனித்தனிக் குழு உண்டு. தேதியோடு இருக்கும் பழைய வரைவுகளும் மின்னஞ்சல்களும் ஆதாரம்.

பேர் போடாம குடுக்கலாமா? இல்ல கிளாஸே சேர்ந்து கையெழுத்துப் போட்டா?

பெயரில்லாத கடிதத்தைப் படிப்பார்கள், அதன் மேல் கோப்பு திறக்க மாட்டார்கள். விசாரிக்க ஆள் வேண்டுமே. பாடமே நடத்தவில்லை, கேள்வித்தாள் பாடத்திட்டத்துக்கு வெளியே வந்தது போன்ற பொது விஷயத்துக்கு வகுப்பாகக் கொடுங்கள், நல்ல பலம். எல்லோர் பதிவு எண்ணும் இருக்கட்டும். சொந்த மார்க் விஷயத்துக்குக் கூட்டம் சேர்க்காதீர்கள். விசாரணை அன்று அறுபது கையெழுத்தில் மூன்று பேர் வருவார்கள், அந்த மூன்றில் ஒருவன் 'எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்' என்பான்.

விசாரணைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

நீங்களே போகலாம், அல்லது உங்கள் சார்பில் ஒருவரை எழுத்தில் நியமிக்கலாம். விதியில் இடம் உண்டு. அப்பா கோபக்காரர் என்றால் வெளியே பெஞ்சில் உட்காரட்டும். குழு கேட்கும் கேள்விகளுக்கு உங்களுக்குத்தான் பதில் தெரியும்.

ராகிங், பாலியல் தொல்லை, இதுக்கும் இதே குழுதானா?

இல்லை. ராகிங்குக்கு 2009 முதல் தனி விதி, 24 மணி நேர உதவி எண் 1800-180-5522, பெயரை வெளியிடாமலும் சொல்லலாம். பாலியல் தொல்லைக்கு 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். 'மார்க் வேண்டுமானால்' என்று தொடங்கும் பேச்சு எதுவாக இருந்தாலும் அது மார்க் புகார் அல்ல, இந்தக் குழுவுக்குரியது. முதலில் துறைத்தலைவரிடம் சொல்லுங்கள் என்ற படிவரிசை இங்கே கிடையாது.

சி.எம். செல்லுக்கும் யுஜிசிக்கும் ஒரே நேரத்துல போட்டா சீக்கிரம் நடக்குமா?

முதலமைச்சர் தனிப்பிரிவு, யுஜிசி, இரண்டும் கடைசியில் வந்து சேர்வது நான் இரண்டாவது பதிலில் சொன்ன அதே பிரிவுக்குத்தான். உள்ளே கொடுத்து இன்வேர்டு நம்பர் வாங்கி, கெடுவும் தாண்டியபின் அங்கே போட்டால் நல்ல பலன் உண்டு. 'இந்த எண்ணில் கொடுத்தேன், இத்தனை நாளாகப் பதிலில்லை' என்ற வாக்கியத்துக்குப் பிரிவில் பதில் சொல்லியாக வேண்டும். எடுத்த எடுப்பில் போட்டால் 'மாணவர் இதுவரை எங்களை அணுகவில்லை' என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். நானே அப்படி எழுதி மூடியிருக்கிறேன்.

கோர்ட்டுக்குப் போனா? கன்ஸ்யூமர் கோர்ட்டாவது?

தேர்வு நடத்துவது நுகர்வோர் சேவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-லும் 2010-லும் சொல்லியிருக்கிறது, அதனால் மார்க்குக்கு அந்த வழி இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஆனால் விடைத்தாளைத் தானே திருத்துவதற்கு நீதிமன்றம் இறங்காது. மறுமதிப்பீட்டுக்கு விதியில் இடமில்லாத இடத்தில், பிழை பளிச்சென்று தெரிந்தால் மட்டும், அதுவும் அபூர்வமாகத்தான் என்று 2017 டிசம்பர் தீர்ப்பு ஒன்று தெளிவாக்கியது. கேட்காமல் தண்டித்தார்கள், சொந்த விதியையே மீறினார்கள் என்ற வழக்குகளுக்கு அங்கே வலு உண்டு. வக்கீலிடம் போகும்போது இன்வேர்டு நம்பர் போட்ட உங்கள் பிரதிகள் முழுதும் கையில் இருக்கட்டும், முதலில் அதைத்தான் கேட்பார்.

எனக்குச் சாதகமா முடிவு வந்துடுச்சு. ஆறு மாசமாச்சு, மார்க்‌ஷீட் இன்னும் மாறலையே?

குழு தருவது பரிந்துரை. அதை அதிகாரி ஏற்று ஆணையிட வேண்டும், ஆணை தேர்வுப் பிரிவுக்கு வர வேண்டும், கணினிப் பிரிவு மார்க்கை மாற்ற வேண்டும், பழைய மார்க்‌ஷீட்டை நீங்கள் ஒப்படைக்க வேண்டும், புதியது அச்சாக வேண்டும். எங்காவது ஒரு மேசையில் நின்றிருக்கும். அநேகமாக அது பழைய மார்க்‌ஷீட்டுக்காகக் காத்திருக்கும். அதை ஒப்படைக்கச் சொல்லிக் கல்லூரிக்கு ஒரு கடிதம் போயிருக்கும், கல்லூரி உங்களிடம் சொல்லியிருக்காது.

முடிவுக் கடிதத்தின் நகலோடு ஒருநாள் நேரில் போய், 'இந்தக் கோப்பு எந்த சீட்டில் இருக்கிறது' என்று கேளுங்கள். 'என்ன ஆச்சு' என்று கேட்டால் 'ப்ராசஸ்ல இருக்கு' என்ற பதில்தான் வரும். சீட் எண் தெரிந்துவிட்டால் அந்த எழுத்தரிடம் போய், 'என்னிடமிருந்து என்ன தேவை' என்று கேட்டு, பழைய மார்க்‌ஷீட்டைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். காலையில் கவுன்ட்டரில் கூட்டம் இருக்கும், யாரும் தலை நிமிர மாட்டார்கள்.